வால்காக்கைக்கு ஒரு சல்யூட்

எண்பதுகளின் நடுவில் பாரிஸின் லா ஷப்பலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பக்கத்தில் மரக்கறி வெட்டியவள் ஓர் அயர்லாந்துக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்த வாயாடி. அடுப்படியில் நாங்கள் அவிந்து போனாலும் யன்னலைத் திறக்க விடமாட்டாள். நெஞ்சு சிவந்த சின்னக் குருவி ஒன்று உள்ளே பறந்து வந்தால் அந்த வீட்டில் சாவு விழுமாம். அயர்லாந்துச் சட்டம் பாரிஸ் குருவிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"குருவிக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை," என்றாள்.

எனக்குத் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. ஆகவே அடுத்த கோப்பையை எடுத்துக் கழுவினேன்.

அவளுடைய பெரிய பயம் வால்காக்கை. காகத்துக்குச் சொந்தம், கறுப்பும் வெள்ளையுமாய் நீண்ட வாலோடு இருக்கும். ஒன்றைத் தனியே கண்டால் துக்கம், இரண்டைக் கண்டால் சந்தோஷம். தனியே கண்டுவிட்டால் உடனே சல்யூட் அடித்து, "வணக்கம் ஐயா, உங்கள் மனைவி சுகமா?" என்று விசாரிக்க வேண்டும். மனைவி பேச்சில் வந்துவிட்டால் அது ஒற்றை இல்லை, துக்கமும் இல்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்று உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடும் ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகம்தான்.

என் மனைவி அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கல்யாணமாகி மூன்றாம் மாதம் நான் புறப்பட்டு வந்தது, இரண்டு வருடம் ஓடிவிட்டது. அவளைப் பிரான்சுக்குக் கூப்பிடுவதற்கான நேர்காணல் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு. தவறவிட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. அன்று படியிறங்கி வந்தால் எதிர்க் கூரையில் ஒற்றை வால்காக்கை.

சிரித்தவன்தான் சல்யூட் அடித்தேன். அதோடு நில்லாமல், "ஐயா, மனிசி சுகமோ?" என்று சத்தமாகவும் கேட்டேன். பறவைக்கு நேர் கீழே நின்ற பொலிஸ்காரர் எல்லாவற்றையும் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

நக்கலடிக்கிறேன் என்று நினைத்துத் தெருவைக் கடந்து வந்து கடதாசிகளைக் கேட்டார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தெரிந்த பிரெஞ்சில் பறவை, அயர்லாந்து, மனைவி என்று மூன்று சொல்லைச் சொல்லிக் கூரையைக் காட்டினேன். கடதாசிகளோடு இருந்த எங்கள் கல்யாணப் படத்தை அவர் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். புகைபோக்கிக்குப் பின்னாலிருந்து இன்னொரு வால்காக்கை தத்தித் தத்தி வந்தது.

"அதோ, மனைவி வந்துவிட்டா. நீங்கள் ஓடுங்கள்," என்றார்.

ஓடினேன். ஒன்பதுக்கு ஒரு நிமிடம் இருக்க, வியர்த்து வழிந்தபடி நேர்காணல் கந்தோரின் கதவைத் தள்ளினேன்.

மனைவிக்கு விசா கிடைத்த செய்தியைச் சொன்னபோது அயர்லாந்துக்காரி அடுப்படி யன்னலை ஒரு விரல் அளவு திறந்துவிட்டாள். எனக்கென்று அவள் செய்த பெரிய தியாகம் அது.

என் மனைவி வந்த மறுநாள் இருவரும் கடைக்கு நடந்தோம். மரத்தில் ஒற்றை வால்காக்கை. என் கை தானாக நெற்றிக்குப் போனது. என்ன இது என்று கேட்டாள், விஷயத்தைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"விடுங்கோ. அதுதான் பாவம், தனிய நிக்குது. நாங்கள் ரெண்டு பேர் போறம். இண்டைக்கு அது எங்களைக் கண்டு சந்தோசப்படட்டும்."

பிடித்த கையைக் கடை வரும்வரை விடவில்லை.