வத்தேகம சீசனும் லண்டன் அட்டையும்

லண்டனில் பஸ் ஏறும்போது அட்டையைக் காட்டினால் போதும். ஒரு நாளைக்கான கட்டண உச்சவரம்பைத் தொட்டுவிட்டால், அதன் பிறகு எத்தனை பஸ் ஏறினாலும் கட்டணமில்லை. இதில் உண்மையிலேயே மிச்சம் உண்டா என்று என் ஒரு மாதக் கணக்கைப் பார்த்தேன். நான் வரம்பைத் தொட்டது நான்கே நாள்! "நம்ம வத்தேகம ரயில் சீசன் டிக்கெட் மாதிரி வராது" என்றேன் கணவர் சிவாவிடம். அந்தப் பேச்சில் ஊர் ஞாபகம் வந்து, இந்தத் தை மாதம் இலங்கைக்குப் புறப்பட்டுவிட்டோம்.

கல்யாணத்துக்கு முன் நான் கண்டியில் ஒரு புடவைக் கடையில் காசாளர். அவர் பக்கத்துத் தெரு இரும்புக் கடையில் கணக்கெழுதினார். இருவருக்கும் வீடு வத்தேகம. மாதம் முழுக்கப் போய்வரச் சீசன் டிக்கெட் எடுத்து, மாலை ரயிலில் ஒன்றாகத் திரும்புவோம். பழக்கம் தொடங்கியதே அதில்தான்.

இம்முறை காலை 9.15க்கு வத்தேகமவில் கண்டி பஸ் ஏறினோம். பதின்மூன்று கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம். கண்டியைச் சுற்றிவிட்டு, வத்தேகம வழியாகப் போகும் மாலை 5.20 மாத்தளை ரயிலுக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கினோம், ஆளுக்கு நாற்பது ரூபாய்.

"சீசன் இப்ப எவ்வளவுங்க?" என்று கவுண்டரில் கேட்டேன்.

"மாசத்துல எத்தன நாள் போவீங்க?"

"இன்னைக்கு மட்டுந்தான்."

"அப்ப என்னத்துக்கு மிஸ் சீசன்?" அவர் சிரித்தார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ரயில் ஏறியபோது, "என்ன சொல்லுங்க, சீசன்தான் லாபம்" என்றேன்.

"ஒனக்கு லாபம்."

"ஒங்களுக்கு இல்லையா?"

அவர் மகாவலி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க இரும்புக் கடைய வத்தேகமவுக்கு மாத்துனது எப்ப?"

"நாம பழகுன அந்த வருஷம் தீபாவளிக்கு."

"சித்திரையிலேயே மாத்தியாச்சு. நாலு மணிக்குக் கடைய விட்டு, பஸ்ஸுல கண்டிக்கு வந்து, ஒன்னோட ரயில்ல திரும்புவேன். அந்தச் சீசன் எனக்கு முழு நட்டம்."

இருபத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அவர் இதைச் சொன்னதில்லை.

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நிப்பாட்டச் சொல்லியிருப்ப."

உண்மைதான், சொல்லியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே இருந்த அம்மா என்ன ஏதென்று கேட்காமல் பிஸ்கட் பக்கெட்டை நீட்டினார்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் ஒரே வழியில் போய்வருபவருக்குச் சீசன்தான் மிச்சம். எந்த நாள் எங்கே போவோம் என்று தெரியாதவருக்கு உச்சவரம்பு நல்லது; வரம்பைத் தொடாத நாளில் மிச்சமில்லை, நட்டமும் இல்லை. கண்டியைச் சுற்றிப்பார்க்க வருபவர்கள் அன்றன்றைக்கு டிக்கெட் வாங்குங்கள், கையில் சில்லறை வைத்திருங்கள்.

மறுநாள் எங்களுக்குக் கண்டியில் ஒரு வேலையும் இல்லை. இருந்தும் நாலு மணிக்கு பஸ் ஏறினோம்.