பென்சில் வைத்த சதை

காமிராவுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அவஸ்தைப்பட்டவர்களே, அந்தக் கறுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் பிழைப்பும் அவ்வளவு சுகமாக இல்லை. ஓசூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சாமிதாஸ் அண்ணன் கடை. படம் பிடிப்பது அவர். படம் விழுந்த கண்ணாடித் தகட்டை வாங்கி, முகத்தைப் பென்சிலால் திருத்துவது நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

கொட்டைப்பாக்கு

சானமாவுப் பக்கத்திலிருந்து ரத்னம்மா அக்கா தன் ஓரகத்தியோடு வந்தார். புருஷன் கிருஷ்ணப்பா வடக்கே பட்டாளத்தில். 'உன் பெண்டாட்டிக்குச் சோறு இறங்கவில்லை, இளைத்துப் போகிறாள், பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள்' என்று அவருடைய அண்ணன்காரர் எழுத, 'ஒரு படம் அனுப்புங்கள், பார்த்துவிட்டு லீவு கேட்கிறேன்' என்று பதில் வந்திருந்தது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் எலும்பு தெரியாமல் முந்தானையை இழுத்து இழுத்து மூடினார். கன்னம் மட்டும் உருண்டையாக இருந்தது. "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் அண்ணன். வாயைத் திறக்கவில்லை. ஓரகத்திதான் போட்டு உடைத்தாள்: "ரெண்டு பக்கமும் கொட்டைப்பாக்கு அடக்கி வெச்சிருக்கா. எப்பிடிச் சிரிப்பா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த அண்ணன் வெளியே வராமலே சொன்னார்: "துப்பிட்டு வாங்கம்மா. சதைதானே வேணும்? எங்க தம்பி பென்சில்லயே வெச்சுக் குடுப்பான்."

வேறொருத்தி

தகட்டில் எல்லாம் தலைகீழ் நிறம். கூந்தல் வெளுத்திருக்கும், முகம் கறுத்திருக்கும். கன்னத்தில் குழி விழுந்த இடம் மட்டும் வெறும் கண்ணாடியாகத் தெரியும். அங்கே பென்சிலால் நெருக்கிப் புள்ளி வைத்தால், படத்தில் குழி மேடாகிவிடும். அன்று அரை நாள் புள்ளி வைத்தேன். பாவம், வெட்கப்படுகிறாரே என்ற இரக்கம்தான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒருவர் லீவு கேட்கப்போகிறார் என்பது தெரிந்தும், அது எனக்கு உறைக்கவில்லை.

படம் வாங்க வந்த அக்கா அதை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இவளுக்கு மட்டும் யாரு தம்பி சோறு போடறாங்க?"

இரண்டாவது தடவை

படம் போய்ச் சேர்ந்தது. 'நன்றாகத்தானே இருக்கிறாய், வருஷ லீவிலேயே வருகிறேன்' என்று கடிதம் வந்தது. இரண்டு மாதம் கழித்து, அண்ணன்காரர் சண்டை போட்டு இன்னொரு படம் எடுக்க அனுப்பிவைத்தார். ரவிக்கையில் இரண்டு பக்கமும் ஊக்கு. வளையல் முழங்கைவரை ஏறி நின்றது. முதல் படத்தை அழகாயிருக்கிறது என்று அண்ணன் பெரிதாக்கி வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டியிருந்தார். அதைத் தாண்டும்போது அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தத் தடவை இருக்கிறபடியே விட்டுடட்டுமாக்கா?" என்றேன். "வேணாம் தம்பி. எலும்பைப் பாத்து அவரு பயந்துக்குவாரு" என்றார். மறுபடி பென்சிலை எடுத்தேன். இந்த முறை அரை மணிகூட ஆகவில்லை. கை தானாகப் போயிற்று. படத்தைக் காயவைத்துப் பார்த்தால், வாசலில் தொங்கும் அதே முகம். ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. என் தாத்தா சொன்ன கதைகளில், உயிரை ஓரிடத்தில் ஒளித்துவைத்துவிட்டு வெறும் உடம்போடு திரிகிறவர்கள் வருவார்கள். பட்டப்பகலில் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

அக்காவோடு படம் வாங்க வந்த ஓரகத்தி இரண்டு படத்தையும் சேர்த்துவைத்துப் பார்த்துவிட்டு, காமிராவைவிட்டு நாலடி தள்ளி நின்றாள். "அந்தப் பொட்டிதான்டி உன் சதையைக் குடிக்குது."

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்

இரண்டாவது படமும் வடக்கே போயிற்று. வருஷ லீவும் வந்தது. ஒரு காலை, பெங்களூர் பஸ்ஸிலிருந்து காக்கிச் சட்டையும் தகரப் பெட்டியுமாக ஒருவர் இறங்கினார். புளியமரத்தடியில் காத்திருந்த ரத்னம்மா அக்கா இரண்டடி முன்னால் வந்தார். அவர் அக்காவைத் தாண்டி நடந்தார். அங்கே இங்கே பார்த்துவிட்டு, தெருவைக் கடந்து நேராக எங்கள் கடை வாசலுக்கு வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

நான் கடைக்குள் இருந்தேன். அக்கா வந்து அவர் பின்னால் நின்றார். பெட்டியின் கண்ணாடியில் அக்காவின் நிழல் விழுந்தது. உருண்டை முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம், கண்ணும் எலும்புமாக. அந்த மனிதரின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் திரும்பவே இல்லை, கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைத் தாண்டித்தாங்க வந்தீங்க" என்றார் அக்கா. "கூப்பிடலாம்னுதான் வாயைத் தெறந்தேன். அவ நானா, நான் நானான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு."

கற்பூரத் தைலம்

கிருஷ்ணப்பா அடுத்த பஸ்ஸிலேயே அக்காவைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்துத் தனியாகக் கடைக்கு வந்தார். கையை ஓங்குவார் என்று நினைத்தேன். "பென்சில் வெக்கறதுக்கு முன்னாடி எப்பிடி இருந்தா? காட்டு தம்பி" என்றார்.

தகடுகளை எடுத்து, பஞ்சில் கற்பூரத் தைலம் தொட்டுத் துடைத்தேன். என் புள்ளிகள் கரைந்து பஞ்சில் கறுப்பாக வந்தன. அடியிலிருந்து, அதுவரை யாருக்கும் தெரியாமல் கிடந்த முகம் எழுந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். முதல் தகட்டிலேயே அந்தக் குழி இருந்தது. இரண்டாவதில் விரல் நுழையும்.

"உசுருக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. ஆனா எழுந்து நடக்க வருஷமாகுமாம்" என்றார் கிருஷ்ணப்பா. அவர் குரல் உயரவில்லை. "ரெண்டு மாசம் முந்திக் கூட்டியாந்திருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காதுன்னு டாக்டரு சொன்னாரு. அந்த ரெண்டு மாசமும் நான் உன் கைவேலையைத்தான் தம்பி பாத்துக்கிட்டிருந்தேன்."

இப்போதெல்லாம் யாராவது வந்து, படம் பிரமாதம் என்று என்னைப் பாராட்டினால், முதலில் படத்தில் இருக்கிற ஆள் சாப்பிட்டாரா என்று விசாரித்துவிட்டுத்தான் சந்தோஷப்படுகிறேன்.