283ஆம் கொக்கி

"பிராவ் எர்!" என்று கூப்பிட்டால் சிவசக்தி திரும்பமாட்டார். தரை துடைக்கிற கட்டை அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இரண்டாம் முறை கூப்பிட்டாலும் அதே கதிதான். "பிராவ் இராசலிங்கம்" என்று முழுதாக வந்தால்தான் நிமிர்வார். ஜெர்மன் மொழியில் 'பிராவ்' என்றால் திருமதி. இராசலிங்கம் என்ற பெயர் நீளமாம், முதல் எழுத்தான 'எர்' (R) மட்டுமே போதுமாம். "பதினொரு வருசமா இவையின்ர கக்கூஸ் கழுவுறன். என்ர பேரைச் சொல்ல மட்டும் வாய் நோகுதோ?" என்று கூட வேலைசெய்யும் மகாதேவியிடம் பொரிவார்.

வேலை, ஜெர்மனியின் ரூர் பகுதியில் மூடிப்போன நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில். இப்போது அது அருங்காட்சியகம். தொழிலாளர்கள் உடைமாற்றிய கூடத்தில், உயரக் கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான சங்கிலிகள் தொங்குகின்றன. சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் உடுப்பைக் கொக்கியில் மாட்டிக் கூரைக்கு ஏற்றுவான். சங்கிலியின் கீழ்நுனியைத் தன் பூட்டால் பூட்டிவிட்டு, திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போவான். அவன் வராமல் வேறு யாரும் அதை இறக்க முடியாது.

இதைச் சிவசக்திக்குச் சொன்னவர் அவருடைய மேல்மாடிக்காரர் கயெத்தானோ. வயது எண்பத்திரண்டு. சிசிலியிலிருந்து அண்ணன் நூன்சியோவோடு இந்தச் சுரங்கத்துக்கு வந்தபோது இருபது. மரக் கொட்டகையில் அறைக்கு எட்டுப் பேர். மேற்பார்வையாளர்களின் வாயில் இத்தாலியப் பெயர்கள் நுழையவில்லை, எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நூன்சியோ 283, அவன் கொக்கிக்கும் அதே எண். நான்காம் வருடம் பாறை சரிந்தது. அன்று மேலே வந்தவர்கள் எல்லாரும் தங்கள் சங்கிலியை இறக்கினார்கள், 283 மட்டும் கூரையிலேயே நின்றது. பூட்டை வெட்டித்தான் அண்ணனின் சட்டையை எடுத்தார் தம்பி.

இப்போது அந்தக் கொக்கியில் எங்கிருந்தோ வாங்கிய பழஞ்சட்டை ஒன்றை மாட்டி, கீழே ஓர் அட்டை வைத்திருக்கிறார்கள்: "283. வெளிநாட்டுத் தொழிலாளி, இத்தாலி." அண்ணனின் பெயரைப் போடச் சொல்லி மூன்று கடிதம் எழுதிவிட்டார் கயெத்தானோ. தகவல் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது என்று நிர்வாகி யூலியா பதில் அனுப்பினார். கண் மங்கிப்போன மனிதருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டிய பாவம் சிவசக்தியின் தலையில் விழுந்தது.

"பேய்க்கதை! செத்து அறுபது வருசமான மனுசன்ர பேரை ஆர் களவெடுக்கப் போறான்? கூடப்பிறந்தவர் உயிரோட இருந்து கேக்கிறார். நம்பரை எழுதலாமாம், பேரை எழுத ஏலாதாம். வெக்கங்கெட்டதுகள்!"

கேட்டால் நியாயம்தானே? அவன் உடுப்பு மாட்டிய கொக்கியைக் காட்டி நுழைவுச்சீட்டு விற்கலாம், அவன் பெயரைச் சொன்னால் மட்டும் சட்டம் குறுக்கே வந்து விழுந்துவிடும்!

வெள்ளையடித்துப் புதுப்பித்த கூடத்தைத் திறக்கும் நாளன்று கயெத்தானோ கழுத்துப்பட்டி கட்டி வந்தார். நேரே அந்த அட்டையின் முன்னால் போய் நின்று, முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஓர் எழுத்தும் மாறவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யூலியா விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

சிவசக்தி கட்டையைச் சுவரில் சாத்தினார்.

"அக்கா, வேண்டாம். வேலை போயிடும்," என்றாள் மகாதேவி.

"போகட்டும்."

சங்கிலி கடகடவென்று இறங்கியது. பழஞ்சட்டையைக் கழற்றி மகாதேவியின் கையில் திணித்தார். வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுவந்த பெரிய மட்டையைக் கொக்கியில் மாட்டினார்: நூன்சியோ லா ரோசா. கூடமே பார்க்க அதைக் கூரைவரை ஏற்றி, தன் அலுமாரிப் பூட்டால் சங்கிலியைப் பூட்டினார்.

"பிராவ் எர்!" யூலியாவின் குரல் கூடத்தில் எதிரொலித்தது. "பிராவ் எர்!"

சிவசக்தி திரும்பவில்லை. திறப்பைக் கயெத்தானோவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.