எங்கள் அக்கா கணக்கு டீச்சர் ஆன வருடம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவிடம் படித்த பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் அன்பு வணக்கம். அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அட்டையில் இருக்கும் படத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். "நினைவு மலருக்கு இவ்ளோ சிரிப்பு வேணாமே, கொஞ்சம் அமைதியா ஒரு போட்டோ குடுங்க" என்று அச்சகத்தில் சொன்னார்கள். வீட்டில் இருந்த எல்லாப் படங்களையும் புரட்டிப் பார்த்தோம். அப்படி ஒன்று இல்லை.

அக்கா பிறந்தது வேடந்தாங்கல் பக்கத்தில், ஏரிக்கு மறுகரையில் இருக்கும் எங்கள் காலனியில். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். பிறகு அணுபுரம் குடியிருப்பில் அப்பாவுக்குத் தோட்ட வேலை கிடைத்தது. திருக்கழுக்குன்றத்தில் வாடகைக்கு வீடு பிடித்து வந்தோம். எங்கள் இருவரையும் படிக்க வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

படிப்பில் அக்காவுக்கு எல்லாம் வந்தது, கணக்கைத் தவிர. தமிழில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கிவிட்டுக் கணக்குத் தேர்வன்று காலையில் காய்ச்சலோடு எழுந்திருப்பார். பொய்க் காய்ச்சல் இல்லை, தொட்டால் நிஜமாகவே சுடும். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, மறுதேர்வு எழுதி, வரம்பைத் தொட்டுப் பாஸ் செய்தார். எனக்கோ கணக்கு சுலபமாக வந்தது. எங்களை அருகருகே உட்காரவைத்து, "சின்னதுக்கு வருது, உனக்கு மட்டும் ஏம்மா வரல?" என்று அப்பா கேட்பார். அக்கா கோபப்பட மாட்டார். "அது எனக்கும் சேத்துப் போட்டுடும்பா" என்று என் தோளில் கை போட்டுக்கொள்வார்.

ஆசிரியர் பயிற்சி முடித்து, மாமல்லபுரத்தை அடுத்த ஒரு கடலோர ஊரின் அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அவருடையவை. ஆலயத்தில் ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதக்கதை சொல்லிக் கொடுத்தது போலவே, பாட்டும் கைத்தட்டலுமாக அங்கும் நடத்தினார். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் மாமாவைத் திருமணம் செய்துகொண்டார். மகள் ஷைனி பிறந்தாள். பல வருடங்கள் இப்படியே நிம்மதியாகப் போயின.

ஒரு ஜூன் மாதம், நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்த சார் மாறுதலில் போய்விட்டார். "இனிமே நீங்கதான் எடுக்கணும் டீச்சர்" என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். அன்று மாலை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா சமையலறையில் நின்று அழுதுகொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய ஒரு டீச்சர், நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து அழுகிறார். அதை எண்ணி நடுவே அவருக்கே சிரிப்பும் வந்தது.

"நான் லாங் லீவு போடப் போறேன்" என்றார்.

"லீவு போட்டுகினு வூட்ல குந்திகினு இருந்தா கணக்கு வந்துடுமா?" என்று மாமா கேட்டார். "போயி நில்லு. தெரிஞ்சத சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. பசங்க இன்னா, கடிச்சா துன்னுடப் போறாங்க?"

அக்கா போனார். முதல் வாரத்திலேயே மாட்டிக்கொண்டார். கரும்பலகையில் முந்நூறிலிருந்து நூற்று இருபத்தேழைக் கழிக்கும் கணக்கை எழுதி, தான் படித்த விதத்திலேயே தொடங்கியிருக்கிறார். பூஜ்யத்திலிருந்து ஏழு போகாது, அதனால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கு.

முன்வரிசையில் இருந்த பவித்ரா என்ற பெண் எழுந்து நின்றாள். "பக்கத்து வூட்லயும் பூஜ்யம்தான கீது டீச்சர்? அவங்களாண்டயே ஒண்ணும் இல்லியே, இன்னாத்த குடுப்பாங்க?"

வகுப்பே சிரித்தது. விடையை எப்படிப் போடுவது என்பது அக்காவுக்குத் தெரியும். பூஜ்யத்தை வெட்டி ஒன்பது போட வேண்டும். ஏன் ஒன்பது என்பதுதான் தெரியாது. பத்தாம் வகுப்பிலும் தெரியவில்லை, பயிற்சிப் பள்ளியிலும் தெரியவில்லை. அப்போது மாமா சொன்னது நினைவுக்கு வந்திருக்கிறது.

"நல்ல கேள்வி கேட்ட பவித்ரா. எனக்கும் தெரியல. விசாரிச்சிட்டு வந்து சொல்றேன்."

டீச்சர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டறியாத பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மாலைக்குள், கணக்கு டீச்சருக்குக் கணக்குத் தெரியாதாம் என்ற செய்தி ஊருக்குள் போய்விட்டது.

அக்கா என்னைப் போனில் அழைத்தார். நானும் அலுவலக வேலைக்கு நடுவே அவசரமாகச் சொன்னேன். "பூஜ்யத்த வெட்டிட்டு ஒம்போது போடணும்க்கா. கடைசியில இருக்கறது பத்தாயிடும்."

"ஏன் ஒம்போது?"

"அதுதான்க்கா ரூல்."

"ரூல் எனக்கும் தெரியும்டி. ரூல் மட்டும் தெரிஞ்சதாலதான் ஃபெயிலானேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போனோம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஏதோ அலங்காரம் செய்வதற்குச் சிப்பி மணிகள் வேண்டும் என்றார் அக்கா. கடற்கரைக்குப் போகும் சாலையில் ஒரு கடைக்குள் நுழைந்தோம். பத்துப் பத்து மணியாகச் சரம் கோத்து, பத்துப் பத்துச் சரமாகக் கட்டுக் கட்டி அடுக்கியிருந்தார்கள்.

"மாதிரிக்கு ஏழு மணி மட்டும் போதும்மா" என்றார் அக்கா.

கடைக்காரப் பெண் தேடிப் பார்த்தார். "உதிரியா இல்லியே. சரத்தப் பிரிச்சாத்தான் உண்டு. தனிச் சரமும் தீந்துபோச்சு. இருங்க, ஒரு கட்டப் பிரிக்கிறேன்."

கட்டின் கயிற்றை அவிழ்த்தார். பத்துச் சரங்கள் மேசையில் விழுந்தன. அதில் ஒன்றை எடுத்து நூலைப் பிரித்தார். பத்து மணிகள் உருண்டன. அக்கா மேசையில் மீதி இருந்த சரங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"ஒம்போதுடி!" என்று கத்தினார். "ஒம்போது சரம் நிக்குது பாரு! பத்துல ஒண்ண உடைச்சாச்சு, மீதி ஒம்போது. அதான் ஒம்போது! அதான்டி!"

சாலையில் போன வெளிநாட்டுப் பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஏழு மணி கேட்ட அக்கா கைகொள்ளாத அளவுக்குக் கட்டுகளை வாங்கினார். அதற்குமுன் நான் ஆயிரம் முறை பூஜ்யத்தை வெட்டி ஒன்பது போட்டிருப்பேன். அந்த ஒன்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் மணிகளைப் பரப்பினார். "நாம யார்கிட்டயும் கடன் வாங்கல. நம்மகிட்ட இருக்கறதத்தான் பிரிச்சுக்கறோம்" என்றார். மூன்று கட்டுகளில் ஒன்றைப் பிள்ளைகள் பிரித்தார்கள். அதிலிருந்து ஒரு சரத்தைப் பிரித்தார்கள். கையில் இரண்டு கட்டு, ஒன்பது சரம், பத்து மணி. ஒரு கட்டும் இரண்டு சரமும் ஏழு மணியும் எடுத்துக் கொடுத்த பிறகு நூற்று எழுபத்து மூன்று மிச்சம். ஒரு பையன் மட்டும் இருநூற்று இருபத்தேழு என்று எழுதியிருந்தான். அக்கா தப்பு என்று அடித்துவிடவில்லை. "இது எப்படி வந்துச்சு, சொல்லு" என்றார். பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க முடியும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஏழிலிருந்து பூஜ்யத்தைக் கழித்திருக்கிறான். "இப்ப எடுத்ததத் திருப்பிச் சேத்துப் பாரு. முந்நூறு வருதா?" வரவில்லை. அவனே அழித்துவிட்டு மணிகளை இழுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் தப்பு விடை வந்தால் கொண்டாட்டம்தான். அது எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க எல்லோரும் போட்டி போட்டார்கள்.

இந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் பவித்ராவின் அம்மா பள்ளிக்கு வந்தார். அவர் வீட்டிலிருந்தபடி கடைகளுக்குச் சிப்பி மணி கோத்துக் கொடுப்பவர். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. வகுப்பு வாசலில் நின்றே ஆரம்பித்தார்.

"இன்னா டீச்சர் இது? கணக்கு சொல்லித் தருவீங்கன்னு அனுப்புனா, மணி கோக்க சொல்லித் தரீங்களாமே? அதுக்கு நான் வூட்லயே குந்த வெச்சுக்க மாட்டனா? எம்பொண்ணு இதத் தொடக் கூடாதுன்னுதான் நான் ராவும் பகலும் கோத்துகினு கீறேன்."

அக்காவிடம் அதற்கு நல்ல பதில் இருந்தது. கற்பித்தல் உபகரணம், செயல்வழிக் கற்றல் என்று பயிற்சியில் படித்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. ஆனால் அந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தபின் சொல்ல வாய் வரவில்லை என்று என்னிடம் சொன்னார்.

"நீங்க சொல்றது நியாயம்தாம்மா" என்றார். "இது எப்பவும் இருக்காது. எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க."

"பாக்கலாம். இல்லன்னா டிசி வாங்கிகினு போயிடுவேன்."

அக்கா அன்றே மணிகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆனால் உள்ளுக்குள் பயம் இருந்தது. மணி இல்லாமல் பிள்ளைகள் பழையபடி விழித்தால்? மறுநாள் கரும்பலகையில் கட்டுக்கு ஒரு கட்டம், சரத்துக்கு ஒரு கோடு, மணிக்கு ஒரு புள்ளி என்று வரைந்தார். பிள்ளைகள் கட்டத்தை அடித்துக் கோடாக்கினார்கள், கோட்டை அடித்துப் புள்ளியாக்கினார்கள். சில வாரங்களில் படத்தையும் நிறுத்தினார். வெறும் எண்கள்தான். யாராவது தடுமாறினால், "கண்ண மூடிப் பாரு, இன்னா தெரியுது?" என்று பக்கத்துப் பிள்ளையே கேட்டது.

பிறகு பவித்ராவின் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் உள்ளே வந்து உட்கார மறுத்து, ஜன்னலோரம் நின்றார். நாலாயிரத்து மூன்றில் ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தேழு போனால் எவ்வளவு? பவித்ரா பலகைக்கு வந்தாள். கையில் சாக்பீஸ் மட்டும்தான்.

"மூணுலேர்ந்து ஏழு எடுக்க முடியாது. பத்தும் இல்ல, நூறும் இல்ல. அதனால ஒரு ஆயிரத்தப் பிரிக்கிறேன், பத்து நூறு. அதுல ஒரு நூறப் பிரிக்கிறேன், பத்துப் பத்து. அதுல ஒரு பத்தப் பிரிச்சு இங்க குடுக்கறேன், பதிமூணு."

மூவாயிரம், ஒன்பது, ஒன்பது, பதிமூன்று. மடமடவென்று கழித்து இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்தாறு என்று எழுதினாள். யாரும் கேட்காமலே கூட்டிச் சரிபார்த்தும் காட்டினாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அந்த ஒம்போது எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலியே டீச்சர்" என்றார் அந்த அம்மா. கிளம்பும்போது, "பெருக்கல் எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றும் கேட்டார்.

அன்று மாலை அக்கா எனக்குப் போன் செய்தார். பவித்ராவைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "எனக்குக் கணக்கு வருதுடி!" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. "அந்தம்மா வந்து சண்ட போடலன்னா நான் மணியோடயே நின்னுட்டிருப்பேன். பசங்களும் அங்கயே நின்னுட்டிருப்பாங்க."

அதன்பின் அக்காவை நிறுத்த முடியவில்லை. வகுத்தலை எப்படி ஆரம்பிக்கலாம் என்று சாப்பிடும்போது கேட்பார். ஆசிரியர்கள் கூடும் பயிற்சிக் கூட்டங்களில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும், "வணக்கம், நான் பத்தாவதுல கணக்குல ஃபெயில்" என்றுதான் தொடங்குவார். "அம்மா, இத இனிமே சொல்லாதம்மா, மானம் போவுது" என்று ஷைனி கெஞ்சுவாள். அரங்கில் யாராவது ஒரு டீச்சர் தயங்கிக் கை தூக்கி "நானும்தான்" என்று சொல்லும்வரை அக்கா அடுத்த பேச்சுக்குப் போகமாட்டார்.

நோய் வந்தபோதும் அவருடைய சுபாவம் மாறவில்லை. செங்கல்பட்டு மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் மகளுக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்து, இருவரும் சத்தம் போட்டு, நர்ஸிடம் திட்டு வாங்கினார். வலி அதிகமான நாட்களில் மட்டும் பேசாமல் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலைப் பொழுதில், மாமாவும் ஷைனியும் நானும் அருகில் இருக்க, அமைதியாகப் பிரிந்தார்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர்களை இங்கே நினைக்கிறோம். திட்டினாலும் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போன அந்த நர்ஸ் அம்மாவுக்கும், மருத்துவர்களுக்கும், வாரம் தவறாமல் வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், கூலி வாங்காமல் மாறி மாறி எங்களை ஏற்றிச் சென்ற கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோ அண்ணன்மார்களுக்கும், அடக்க நாளில் வகுப்புகளை முடித்துவிட்டு வரிசையாக நடந்து வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும், ரத்தம் கொடுத்த அணுபுரத்து நண்பர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்றைய நினைவு ஆராதனை முடிந்ததும் யாரும் உடனே கிளம்பிவிட வேண்டாம். ஆலயத்துக்குப் பின்னால் பந்தல் போட்டிருக்கிறோம். பிரியாணியை மாமாவே நின்று செய்கிறார், கேசரி ஷைனியின் பொறுப்பு. எல்லோரும் வயிறார உண்ணுங்கள். இரண்டாவது முறை கேட்கக் கூச்சப்படாதீர்கள். இலையில் மிச்சம் வைத்தால் மாமா கோபித்துக்கொள்வார்.