அக்காவின் பாத்தியில் நான் ஊற்றிய தண்ணீர்

அக்கா எங்களை விட்டுப் போய் இந்தக் கார்த்திகையோடு ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலர் போட வேண்டும் என்று அம்மா சொன்னதும் மரக்காணத்தில் ஓர் அச்சகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நாலைந்து பழைய மலர்களை எடுத்துப் போட்டு, "இதுல எது புடிச்சிருக்குதோ சொல்லும்மா, பேரை மட்டும் மாத்திக்கலாம்" என்றார். எல்லா மலரிலும் இறந்தவர் கோபமே அறியாதவராக இருந்தார். எங்கள் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் நானே எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் பத்தாவது வரை படித்தவள், உப்பளத்தில் வேலை செய்கிறவள். குறை இருந்தால் சொந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. முறையாகச் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

அக்கா அனுமந்தையில், உப்பளத் தொழிலாளியான எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார். ஐந்து வருடம் கழித்து நான். எட்டாவது முடித்ததும் அக்காவும் பாத்தியில் இறங்கி உப்பு வாரினார். எனக்கு அந்த வேலை வரக்கூடாது, நான் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்பா போனபின் அந்த ஆசையும் போய்விட்டது, நானும் இறங்கினேன். அன்று அக்கா, உப்பு அரிக்காமல் இருக்க என் காலில் விளக்கெண்ணெய் தடவிவிட்டு எழுந்து போனார்.

அக்காவைப் பொம்மையார்பாளையத்தில் ஒரு கொத்தனாருக்குக் கட்டிக்கொடுத்தோம். தங்கமான மனிதர். மூன்றாவது வருடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி மோதி அவர் இறந்துபோனார். குழந்தை இல்லை. அக்கா அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தார். துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர் ஒருவர் காபியைக் குடித்துக்கொண்டே "எல்லாம் ராசிதான்" என்று ஆரம்பித்தார். அக்கா எழுந்து வந்து அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினார். "ராசி கெட்டவ கையால போட்ட காபி, உங்களுக்கு எதுக்கு? எழுந்து போங்க" என்றார். அந்த உறவினருக்கும் இந்த மலர் வரும். அவர் அக்காவின் சாவுக்கு முதல் ஆளாக வந்து பந்தல் போட்டார் என்பதையும் நான் எழுத வேண்டும்.

அதன்பின் அக்கா குயிலாப்பாளையத்தில் ஒரு சோப்புப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பதினோரு வருடம் தினமும் பஸ்ஸில் போய் வந்தார். எண்ணெயில் காரத்தண்ணீர் கலப்பது, பலகைப் பெட்டியில் ஊற்றுவது, கம்பியால் துண்டு போடுவது, ஆறு வாரம் காற்றில் காயவைப்பது எல்லாம் அங்கே கற்றார். காரம் அடங்காத, காயாத சோப்பை எடுத்து யாராவது கை கழுவினால் அவ்வளவுதான், ஊரே கேட்கிற மாதிரி சத்தம் போடுவார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் கொல்லையை அக்கா தோட்டமாக்கினார். பன்னீர் ரோஜா, செண்டுமல்லி, துளசி, திருநீற்றுப்பச்சிலை, கஸ்தூரி மஞ்சள், ஓரமாக வெட்டிவேர். வேலியில் ஆவாரை. பூவையும் இலையையும் நிழலில் உலர்த்திக் குளியல் பொடி அரைத்தார். பிறகு சோப்பும் சொந்தமாகப் போட்டார். கடை சோப்பு எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் நுரைக்காது. பாத்தியில் நின்றுவிட்டு வருகிற பெண்கள் எவ்வளவு தேய்த்தாலும் உடம்பில் பிசுபிசுப்புதான் மிஞ்சும். அக்கா தேங்காயெண்ணெயை நிறையச் சேர்த்து ஒரு சோப்புப் போட்டார். அது உப்புத் தண்ணீரிலும் நுரைத்தது. முதல் துண்டை என்னிடம்தான் கொடுத்தார். நான் குளித்துவிட்டு வந்து நிற்கிறேன், அக்கா என் முழங்கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இப்பதான்டி நீ மனுஷி மாதிரி மணக்குற" என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. எங்கள் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. கொல்லையில் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்தது. இரண்டே நாளில் செடியெல்லாம் கருகி, மண் மேல் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. கிணறும் கடல் தண்ணீராகிப்போனது. அக்கா அழவில்லை. "ஊர்ல புள்ளைங்கள பறிகொடுத்துட்டு நிக்கிறாங்க. செடிக்கு அழுதா நல்லாவா இருக்குது?" என்றார்.

உப்பளங்களிலும் சேறு ஏறி வேலை நின்றுபோயிருந்தது. என்னோடு வேலை செய்த ஐந்து பெண்களை அக்கா கூப்பிட்டார். எல்லாருமாகத் தோட்டம் போடலாம், எல்லாருமாகச் சோப்புப் போடலாம் என்றார். அந்தப் பெண்கள் ஒரு மாதம் மேட்டு நிலத்திலிருந்து செம்மண்ணைத் தலையில் சுமந்து வந்து கொட்டினார்கள். கிணற்றை மோட்டார் வைத்து ஏழெட்டு முறை இறைத்தோம். எங்கள் சின்ன மாமா, அம்மாவின் தம்பி, திண்டிவனத்தில் விதைக்கடை வைத்திருக்கிறார். அவர் ஒரு பை நிறைய விதை கொண்டுவந்து, "கடல் உங்கள ஏமாத்திடுச்சு, மாமன் ஏமாத்த மாட்டான்" என்று அக்கா கையில் கொடுத்தார். பாதியை அக்கா விதைத்தார்.

விதைத்த மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா என்னிடம், "தண்ணி நல்லாயிடுச்சான்னு வாயில ஊத்திப் பாரு. நல்லா இருந்தா மட்டும் ஊத்து. இல்லன்னா டேங்கர் தண்ணிய புடிச்சு ஊத்து" என்றார். நான் கிணற்றுத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. சத்தியமாக எனக்கு நன்றாகத்தான் இருந்தது. டேங்கர் லாரிக்கு வரிசையில் நிற்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷமாக ஊற்றினேன். பத்து நாள், காலையும் மாலையும், ஒரு பாத்தி விடாமல் ஊற்றினேன்.

ஒரு விதைகூட முளைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கிணற்றடியில் குனிந்து தண்ணீரை வாயில் விட்டார். உடனே துப்பினார். பதினோரு வருடம் பகலெல்லாம் குயிலாப்பாளையத்து நல்ல தண்ணீரைக் குடித்த வாய் அது. நான் பிறந்ததிலிருந்து உப்பிலேயே கிடந்தவள். வேர்வையும் உப்பு, காற்றும் உப்பு, குடிக்கிற தண்ணீரிலும் எப்போதும் கொஞ்சம் உப்பு. அந்தத் தண்ணீர் உப்பு என்று என் வாய்க்குத் தெரியவில்லை. அக்கா இப்போது என்னைக் கிழிக்கப்போகிறார் என்று நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "உன்னப் போய் பாக்கச் சொன்னேன் பாரு, என்னத்தான் சொல்லணும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் அந்த ஐந்து பெண்களும் வந்துவிட்டார்கள். வெறும் மண்ணைப் பார்த்து ஒருத்தி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "யாருக்கா தண்ணி ஊத்துனது?" என்று இன்னொருத்தி கேட்டாள். உப்பளம் திறந்தால் நாளைக்கும் அவர்களோடுதான் நான் பாத்தியில் நிற்க வேண்டும். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தண்ணி என்ன பண்ணும்? வெத சரியில்ல" என்றார்.

அந்த ஒரு வார்த்தை சந்தைக்குப் போய், திண்டிவனத்துக்கும் போனது. மாமா பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து அக்காவைக் கூப்பிட்டார். "என் கடை வெத கெட்டுப்போன வெதைன்னு நீதான் சொன்னியா? உன் வாயால சொன்னியா?" அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே, "மொளைக்கல மாமா" என்றார். அதன்பின் மாமா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "இப்ப வேணாம். இவளுங்க கோவம் ஆறட்டும். தீவாளிக்கு நானே போய் மாமா கால்ல விழுந்து சொல்லிக்கிறேன்" என்றார் அக்கா.

தீபாவளிக்கு அக்கா புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வயிற்றில் கட்டி. ஆவணியிலேயே வலி இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. டேங்கர் தண்ணீரில் வெட்டிவேர் நட்டுப் பிழைக்கவைப்பதிலேயே இருந்தார். ஆபரேஷன் செய்தும் பலனில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றுவிட்டார்கள். அப்போது மழை பிடித்துக்கொண்டது. நாள்கணக்கில் ஓயாத மழை. அக்கா படுத்தபடி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, "நல்லா பெய்யட்டும்டி, மண்ணுல இருக்கிற உப்பெல்லாம் போயிடும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மாமாவ வரச் சொல்லு" என்றார். ரோடெல்லாம் தண்ணீர். போன் போகவில்லை. மறுநாள் விடிந்து மழை விட்டபோது அக்கா இல்லை. அவருக்கு முப்பத்தொன்பது வயது.

நம் வழக்கப்படி எண்ணெயும் சீயக்காயும் வைத்துக் குளிப்பாட்ட வேண்டுமே. வீட்டில் இருந்தது அக்காவே செம்பருத்தி இலை சேர்த்து அரைத்து வைத்திருந்த சீயக்காய்த்தூள்தான். அதைத்தான் கரைத்தோம். ஒவ்வொருவராக அக்கா தலையில் வைத்தார்கள். மாமா பிறந்த வீட்டுக் கோடித் துணியோடு வந்தார். சீயக்காயைத் தொட்டுத் தலையில் வைத்தவர் கையை எடுக்கவே இல்லை. "மாமன் குடுத்தது நல்ல வெதம்மா. சத்தியமா நல்ல வெதம்மா" என்று குழந்தை மாதிரி அழுதார். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. நான் அக்காவின் கால்மாட்டில் நின்றிருந்தேன். என் வாய் திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்திலும் திறக்கவில்லை. இந்த ஒரு வருடத்தில் நான் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்றதில்லை.

தை மாதம் அக்காவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மாமா கொடுத்த பையில் மீதி விதை அப்படியே இருந்தது. சோப்பு மடிக்கிற தாள் ஒன்றில் அக்கா பென்சிலால் எழுதி உள்ளே வைத்திருந்தார்: "மாமா விதை. நல்ல விதை. மழைக்கப்புறம் போடணும்." அந்த விதையை அந்தக் கொல்லையிலேயே விதைத்தேன். இந்த முறை தண்ணீரை நான் ருசி பார்க்கவில்லை. செஞ்சியிலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ வந்திருக்கும் மருமகள் ஒருத்தியைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னேன். அவள் நல்ல தண்ணீர் என்று சொன்ன பிறகே ஊற்றினேன். ஐந்தாம் நாள் பாத்தி முழுக்கப் பச்சை. நான் அங்கேயே உட்கார்ந்து, அக்கா செத்த அன்றுகூட அழாத அழுகையை அழுதேன்.

அந்த ஐந்து பெண்களிடமும் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் திட்டினார்கள். மூன்று பேர் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஐந்து பேரும் மறுநாள் களை எடுக்க வந்தார்கள். அந்தச் செண்டுமல்லியும் துளசியும், அக்கா நட்டுப் பிழைத்த வெட்டிவேரும் சேர்த்துப் புரட்டாசியில் சோப்புப் போட்டோம். ஆறு வாரம் முழுசாகக் காயவைத்தோம். இந்த மலரோடு உங்கள் கைக்கு வந்திருக்கும் துண்டு அதுதான். பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள், அக்காவுக்குப் பிடிக்காது. குளித்துத் தீர்த்துவிடுங்கள்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த பட்டறைத் தோழிகள், மழையில் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு சேர்த்த ஆட்டோக்கார அண்ணன், ராத்திரி பகல் பாராமல் அம்மாவோடு இருந்த தெருக்காரர்கள், வார்டில் அக்காவின் முடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்ட நர்ஸம்மா, எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக, சின்ன மாமாவுக்கு. அச்சானதும் முதல் மலரை நானே திண்டிவனம் கொண்டுவருகிறேன். அக்கா பென்சிலால் எழுதிய தாளும் அதற்குள் இருக்கும். உங்கள் விதை நல்ல விதை, மாமா. உப்புத் தண்ணீரை ஊற்றியவள் நான். தீபாவளிக்கு அக்கா வந்து உங்கள் காலில் விழுவதாக இருந்தார். அவருக்காகவும் எனக்காகவும் நான் இரண்டு முறை விழுகிறேன். திட்டுவதானால் வாசலில் வைத்தே, நாலு பேர் கேட்கத் திட்டுங்கள். திட்டிவிட்டு, திதிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள்.