பார்க்கில் வைத்த ஆடித் தட்டு

கள்ளக்குறிச்சியில் விடியற்காலைப் பஸ் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, மதியம் மாப்பிள்ளை வேலை பார்க்கிற துறைமுகத்துக் கேட்டில் போய் நின்றேன். கையில் தாம்பூலத் தட்டு, மாப்பிள்ளைக்கு வேட்டி, தங்கைக்குப் புடவை, ஒரு பாட்டில் கல்வராயன் மலைத் தேன். தலை ஆடிக்குத் தங்கையை அழைத்துப் போக வந்திருந்தேன். எங்களுக்கு அப்பாவும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. முறைக்கு அழைக்கிற ஆம்பிளையும் நான்தான்.

"பாஸ் இல்லாம குவார்ட்டர்ஸ் பக்கம் விட முடியாதும்மா" என்றார் செக்யூரிட்டி. இந்தக் கேட்டைச் சொல்லித்தான் தங்கையைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்தேன். கேட் இருக்கு, காவல் இருக்கு, பத்திரமா இருப்பேடி என்று வாய் கிழியப் பேசினேன். என் வாயில் மண்ணை அள்ளிப் போட!

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். இன்றைக்குப் பாஸ் கிடைக்காது, பக்கத்துப் பார்க்கில் உட்காருங்கள், கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார்.

தண்ணீரை ஒட்டிய பார்க். ஈ காக்கை இல்லை. நாலு சிமெண்ட் பெஞ்சு, கரித்தூள் படிந்த அரளி, சுற்றிலும் இரும்புக் கம்பி, அதற்கு அப்பால் கிரேன்கள். எங்கள் ஊர்க் கோமுகி டேம் கரையில் நின்றால் காற்று முந்தானையைப் பிடுங்கும். இங்கே எனக்கு மூச்சு முட்டியது.

தங்கை பாதியாக இளைத்திருந்தாள். தோளில் பெரிய பை. மாப்பிள்ளை தன் அம்மாவோடு போன் பேசிக்கொண்டே கம்பியோரம் போனார். அவள் என் காதருகே குனிந்தாள். "ஆடி முடிஞ்சாலும் இங்க வர மாட்டேன்க்கா. என் போன்கூட அவர்கிட்டதான் இருக்குது. சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்துக்கினு வந்துட்டேன்."

அவர் திரும்பியதும் பெஞ்சு மேல் தட்டை வைத்தேன். "ஆடிக்குத் தங்கச்சிய அனுப்பி வைங்க தம்பி."

மாப்பிள்ளை தட்டைத் தொடவில்லை. "இன்னாங்க இது? பார்க்குல தட்டு வெச்சா அழைப்பா? வூட்டுக்கு வந்து எங்கம்மா கையில குடுக்கணும். ஆம்பள ஆளும் வரல. அம்மா வேணாம்னுட்டாங்க. அடுத்த வருஷம் முறையா வாங்க."

தலை ஆடி எங்கேயாவது அடுத்த வருஷம் வருமா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏங்க, பாஸ் கிடைக்காதுன்னு சொன்னதே நீங்கதானே?" என்று ஆரம்பித்தேன். தங்கை என் கையை அழுத்தினாள்.

"சத்தம் போடாதக்கா. நீ பஸ் ஏறிடுவ. நான்தான் உள்ள போவணும்."

நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரிப் பேசுகிறவள் நான். வாயை மூடிக்கொண்டேன்.

தேன் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை முன்னே நடந்தார். தங்கை பையை என் காலடியில் தள்ளினாள். "நீயே வெச்சிக்கோ. இன்னொரு தபா பையோட வெளிய விட மாட்டாரு. வெறுங்கையா இருந்தா, கடைக்குன்னு சொல்லிட்டாவது வந்துடுவேன்." கேட்டில் அட்டையைக் காட்டி உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு தடவை போனேன். அதே கேட், அதே பதில். ஆடி போய்த் தீபாவளியும் போய்விட்டது. பை என் பீரோவில் இருக்கிறது. தெருமுனையில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன்.