நான் எழுப்பிய பதினாலு கம்ப்யூட்டர்

நல்லபடியாக எழுந்திருக்கிற கம்ப்யூட்டர் ஒரே ஒரு தடவை "பீப்" என்று சத்தம் போடும், காதுக்குப் பக்கத்தில் ஒரு குருவிக் குஞ்சு வாய் திறந்ததுபோல. எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பது மூன்று தடவை கத்தும். ஏ.சி. குளிரில் ஈரத்துணி போட்டுத் துடைத்த தரை உள்ளங்காலில் சில்லென்று ஏற, பெட்டிக்குள் சுற்றுகிற காற்றாடியிலிருந்து கருகின தூசி வாசனை வரும். இளமைக்காலம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு அந்தச் சத்தமும் அந்த வாசனையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அப்போது எனக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

சிரிக்காதீர்கள். வயதுப்படி வந்த இளமையும் ஒன்று எனக்கு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மண்ணூர்பேட்டையில், ஃபேக்டரிகள் நிறைந்த எஸ்டேட்டை ஒட்டி ஒரு லேத்துப் பட்டறை. அம்மா அங்கே பெருக்கப் போவாள், எட்டு ஒன்பது வயதிலிருந்து நானும் கூடப் போவேன். கீழே சிந்தின வாஷர்களை விரலால் தடவியே எது எந்த அளவு என்று பிரித்து டப்பாவில் போடுவேன், ஒன்றுகூட மாறாது. ஆனால் ஓடுகிற மெஷின் பக்கம் தலையைத் திருப்பினாலே மேஸ்திரி கத்துவார்: "ஏய் குட்டி, கை வெக்காத!" அந்தப் பட்டறையில் என் பெயரே அதுதானோ என்று எனக்குச் சந்தேகம் வருகிற அளவுக்கு அதைக் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் கிடையாது, பலகை கிடையாது. கற்றுக்கொள்கிற வயதில் எதுவும் கற்றுக்கொள்ள விடாத காலத்தை இளமை என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? எனக்கு அது பிற்பாடுதான் வந்தது, வேலப்பன்சாவடிப் பக்கத்து ஒரு காலேஜில், ஒரு ஐப்பசி மழையில், பத்தே நாள்.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பர்வீன். ஆவடிப் பெண். அந்தக் காலேஜின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளராக இருந்தவள். நான் சொல்கிற "கீது" எல்லாவற்றையும் "இருக்கிறது" என்று மாற்றிவிடுகிறாள். மாற்றட்டும், புத்தகத்துக்கு அது அழகு. பேசினவர்கள் பேச்சில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

லேபைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. காலேஜுக்கு நான் "ஆயா", பர்வீனுக்கு மட்டும் கண்ணிம்மா. ஒருநாள் காலையில் துடைப்பத்தோடு உள்ளே போனால் அந்தப் பெண் நாற்பது கம்ப்யூட்டருக்கு நடுவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னா பொண்ணு, நாஷ்டா துன்னலியா? மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"எல்லாத்தையும் எடைக்குப் போடச் சொல்லிட்டாங்க, கண்ணிம்மா. இதுல ஓடுற சிஸ்டத்த செஞ்ச கம்பெனி இனிமே பழைய மெஷினுக்கு எதுவும் தரமாட்டாங்களாம். புதுசு வாங்க ஆபீஸ்ல வழியில்ல. பத்து நாள்ல பிராக்டிகல் எக்ஸாம். லேப் இல்லன்னா எனக்கும் வேலை இல்ல."

எனக்கு வந்ததே கோபம். நான் தினமும் துடைக்கிற மெஷின்கள் அவை. ஒரு காற்றாடி நிற்கவில்லை, ஒரு திரை உடையவில்லை. நன்றாக ஓடுகிற பொருளைச் செத்துப்போனது என்று எங்கேயோ இருக்கிறவன் எப்படிச் சொல்வான்? அடுத்த வருஷம் என் மிக்ஸியைப் பார்த்து, "இனிமேல் இதில் சட்னி அரைக்காதே" என்று எவனாவது கடிதம் போடுவானா? போட்டாலும் போடுவான்.

பர்வீனும் எடைக்குப் போடச் சம்மதிக்கவில்லை. அந்தக் கம்பெனியின் சிஸ்டத்தைத் துடைத்துவிட்டு லினக்ஸ் என்று வேறொன்றைப் போட்டால் பழைய மெஷின் இன்னும் பல வருஷம் ஓடுமாம், அதற்குக் காசும் கிடையாதாம். அவளுடைய துறைத் தலைவரை எல்லாரும் எச்.ஓ.டி. சார் என்பார்கள். அவர், "உன்னால முடிஞ்சா பண்ணிக்கோ, எக்ஸாம் நின்னா நீதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாளில் நாற்பது மெஷின், ஒரு ஆள். மறுநாளே பர்வீன் என் துடைப்பத்தை வாங்கி மூலையில் சாத்திவிட்டு, "கண்ணிம்மா, நீங்களும் கை வைங்க" என்றாள். பாருங்கள், கை வையுங்கள் என்று ஒருவர் என்னிடம் சொல்ல அறுபது வருஷம் ஆகியிருக்கிறது.

முதலில் "குச்சி" செய்யவேண்டும். பென் டிரைவை நான் அப்படித்தான் சொல்வேன். அதில் சும்மா பாட்டு, படம் ஏற்றுகிற மாதிரி லினக்ஸை ஏற்றினால் மெஷின் அதை மதிக்காது. அதிலிருந்தே மெஷின் கண் திறக்கிற மாதிரி ஏற்றவேண்டும், அதற்கென்று ஒரு புரோகிராம் எச்.ஓ.டி. சாரின் மெஷினில் மட்டும் இருந்தது. அது பாஸ்வேர்டு கேட்கும். சாருக்கும் பர்வீனுக்கும்தான் தெரியும். பிறகு மூன்று கட்டம்: எதை ஏற்றுவது, எதில் ஏற்றுவது, ஆரம்பிக்கலாமா. இரண்டாவது கட்டத்தில் அந்த மெஷினில் செருகியிருப்பதெல்லாம் வரிவரியாக நிற்கும். தப்பான வரியைத் தொட்டால் அதில் இருப்பதெல்லாம் சுத்தமாக அழிந்துவிடும்.

"எந்த வரி நம்ம குச்சின்னு உனுக்கு எப்டி தெரியும்?" என்றேன்.

"பேர் போட்டிருக்கும், கண்ணிம்மா."

"உனுக்குப் பேரு. எனுக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் எனக்கே பொறி தட்டியது. குச்சியைப் பிடுங்கினேன். மூன்று வரியில் ஒன்று காணாமல் போனது. திரும்பச் செருகினேன், அதே வரி வந்து உட்கார்ந்தது. "இதான்!" என்றேன். பர்வீன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இனிமே நானும் இப்டித்தான் பாக்கப்போறேன்" என்றாள். வாஷரைத் தடவிப் பிரித்த விரலுக்கு அன்றைக்குத்தான் ஒரு மரியாதை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஆறு குச்சி செய்தோம். அதில் பச்சைக் குச்சியை நானே செய்தேன், பாஸ்வேர்டு மட்டும் அவள் தட்டினாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் திருவிழா. குச்சியைச் செருகி, பட்டனை அமுக்கி, "பீப்" கேட்டதும் மேல்வரிசையில் பன்னிரண்டாவது எழுத்தை, பர்வீன் அதை எஃப்-12 என்பாள், கடுகு வெடிக்கிற வேகத்தில் தட்டவேண்டும். கொஞ்சம் தாமதித்தால் பழைய சிஸ்டம் முந்திக்கொள்ளும், மறுபடி அணைத்து முதலிலிருந்து வரவேண்டும். தட்டினதும் வரிகள் வரும். எந்த வரி குச்சி என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். எனக்கென்ன, குச்சி இல்லாமல் ஒரு தடவை பார்ப்பேன், செருகி ஒரு தடவை பார்ப்பேன், புதிதாக வந்த வரிதான் நம்முடையது. வலதுபக்கம் கீழே இருக்கிற பொத்தானைத் தட்டிக்கொண்டே போய், பெயர் எழுதச் சொல்கிற திரை வந்தால் கை தூக்குவேன், பர்வீன் ஓடிவந்து எழுதிவிட்டுப் போவாள். ஜன்னல் வரிசையில் பதினாலு மெஷின். பதினாலையும் நான்தான் எழுப்பினேன். ஒவ்வொன்றும் புது முகத்தோடு கண் திறக்கும்போது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கைதட்டினேன்.

நாற்பதும் முடிகிற நாளில்தான் அது நடந்தது. நாங்கள் இருவரும் கடைசி வரிசையில் இருந்தோம். எச்.ஓ.டி. சார், தன் வீட்டு லேப்டாப்புக்கும் ஒரு குச்சி வேண்டும் என்று அவர் மெஷினில் தானே உட்கார்ந்து செய்துகொண்டார். அதே மெஷினில் பிள்ளைகளின் பிராஜெக்ட் எல்லாம் இருந்த கறுப்பு டிஸ்க்கும் செருகியிருந்தது. குச்சியும் டிஸ்க்கும் ஒரே கம்பெனி, வரியிலும் ஒரே பெயர். அவர் படித்தவர் அல்லவா, பெயரைப் படித்தார், தொட்டார், காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து டிஸ்க்கைத் திறந்தால் பிராஜெக்ட் ஒன்றும் இல்லை.

"யார் இந்த மெஷின்ல கை வெச்சது?" என்று லேப் அதிரக் கத்தினார். முதல் வரிசையில் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் விரல் நேராக என்னிடம் வந்தது. "இந்த அம்மாவ யாரு உள்ள சுத்த விட்டது? துடைக்கிறேன் துடைக்கிறேன்னு எதையோ அமுக்கியிருக்கு. நாளைலேர்ந்து இது வரக்கூடாது."

"இது". அதற்கு அஃறிணை என்று பெயராம், பர்வீன் சொல்கிறாள். எனக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் எது என்னை மாடாக்குகிறது என்று தெரியும். பிள்ளைகள் உழைப்பை அழித்தவள் என்ற பெயரோடு நான் பஸ் ஏறவேண்டும்.

பர்வீன் குறுக்கே வந்தாள். டிஸ்க்கை ஒரு மெஷினில் செருகி, பன்னிரண்டாவது எழுத்தைத் தட்டினாள். லினக்ஸ் எழுந்தது. "சார், இது அமுக்கி அழிஞ்சது இல்ல. யாரோ உக்காந்து இதுல ஏத்தியிருக்காங்க. அதுக்குப் பாஸ்வேர்டு வேணும். ஆயாவுக்கு எழுத்தே தெரியாது சார். அவங்களால எப்படி முடியும்?"

சார் டிஸ்க்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார். "அதுவும் சரிதான். இதுக்கு என்ன தெரியப்போகுது? ஏதோ வைரஸ் வேலையா இருக்கும். போம்மா, போய் உன் வேலையப் பாரு." பிள்ளைகளும் சிரித்தார்கள்.

தப்பித்துவிட்டேன். வேலை இருக்கிறது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டவேண்டியதுதான். ஆனால் துடைப்பத்தை நான் எடுக்கவில்லை. திருடி என்று சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன், திருடக்கூடத் தெரியாதவள் என்று மன்னித்து அனுப்பினால் எப்படிப் பொறுப்பது? இந்த இடத்தில் பர்வீன் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "வேற எப்டி உங்களக் காப்பாத்துறதுன்னு தெரியல, கண்ணிம்மா" என்கிறாள். தெரியும், எழுதும்மா.

"சார்," என்றேன். "ஜன்னலாண்ட பதினாலு மெஷின் கீதே, அத்தினியும் நான் போட்டது."

பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

"ரெண்டுக்கும் ஒரே பேரு சார். பேரப் படிச்சா ஏமாந்துதான் பூடுவ. புடுங்கிப் பாத்துருக்கணும். எது காணாப் போவுதோ அதான் குச்சி." அவர் மெஷினிடம் போய் இரண்டையும் செருகி, ஒன்றைப் பிடுங்கிக் காட்டினேன். வரி போனது. ஒரு பெண் பிள்ளை முன்னால் வந்து, "ஆயா, இன்னொரு வாட்டி காட்டுங்க" என்றாள். காட்டினேன். சாரின் முகம் போன போக்கை நான் சொல்லமாட்டேன், அவரும் பிள்ளைகுட்டிக்காரர்.

பிள்ளைகள் பிராஜெக்ட்டை அவரவர் வீட்டிலிருந்து மறுபடி கொண்டுவந்தார்கள். பிராக்டிகல் நாற்பது மெஷினிலும் நடந்தது, பர்வீன் வேலையும் தப்பியது. எனக்கு மட்டும், அந்தச் சண்டைக்கு மறுநாள் காலையே, துப்புரவுக் காண்டிராக்ட் சூபர்வைசர் புது இடம் காட்டினார்: கிரவுண்டும் பஸ் நிறுத்துகிற இடமும். "லேபுக்குள்ள கால் வெக்கக்கூடாதுன்னு ஆர்டர்மா" என்றார். யார் போட்ட ஆர்டர் என்று கேட்டேன், வானத்தைப் பார்த்தார்.

இப்போது அந்த லேபே இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு லேப்டாப் கொண்டுவருகிறார்கள், அந்த இடத்தில் கண்ணாடி போட்டு மீட்டிங் ரூம் ஆக்கிவிட்டார்களாம். மெஷின்கள் பாடி ஏரியாவில் எந்த எடைக்கடைக்குப் போயினவோ. பர்வீன் வேறு வேலைக்குப் போய்விட்டாள், ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறாள். எங்கள் தெருவில் புதிதாக வந்திருக்கிற ஃப்ளாட்டுக்காரர்கள் பழைய லேப்டாப்பைக் குப்பையில் போடுவதைப் பார்த்தால் பிடுங்கிக்கொண்டு வருகிறேன். பெயர் எழுதச் சொல்கிற திரை வந்தால் அப்படியே விட்டுவைப்பேன், ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று. பச்சைக் குச்சி என் சாவிக்கொத்தில்தான் தொங்குகிறது.

ஆனால் கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம். என்னையும் அந்த லேபிலிருந்து பிடுங்கினார்கள். பிடுங்கின பிறகு எந்த வரி காணாமல் போனது என்று, அத்தனை படித்த அந்தக் காலேஜில் இன்றுவரை ஒருவரும் பார்க்கவில்லை.